கண்வலிக்கொடியின் நாத்தனார்

ஐப்பசி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடிந்தபோது எங்கள் தோட்டத்து முருங்கை மரம் கண்வலிப் பூவாகப் பூத்திருந்தது. கிளுவை வேலிக்கு அந்தப்பக்கம் சென்னியப்பன் தோட்டத்தில் முளைத்து, வேலியைத் தாண்டி, அதே மரத்தின்மேல் ஏறிக் கிடந்த கண்வலிக்கொடி முருங்கைப் பூவாகப் பூத்திருந்தது. முதலில் பார்த்தவள் நான்தான். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. பொரியலுக்கு முருங்கைப்பூ பறிக்கலாம் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனால், கிளைக்குக் கிளை இதழ்களை மேலே மடக்கிக்கொண்டு, பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாகத் தீப்பிடித்த மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது, தின்றவரை மேலே அனுப்பிவிடுகிற பூ. பொரியலுக்கு வேண்டிய பூ கொடியில் கொத்துக்கொத்தாக வெள்ளை வெளேரென்று இருக்கத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கொடியில் பூத்ததை எந்த நம்பிக்கையில் வாணலியில் போடுவது? வெறுங்கூடையோடு திரும்பி வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பல் தேய்த்துக்கொண்டே, "செரி, பருப்பு வெச்சுரு" என்றார்.

எங்கள் ஊர் கரட்டுப்புதூர், மூலனூருக்குத் தெற்கே, மழை பெய்தாலும் பெய்த சுவடு தெரியாத பூமி. பாதிப் பேர் முருங்கை போட்டிருப்பார்கள், பாதிப் பேர் கண்வலி. கண்வலியின் விதை மருந்து செய்யப் போகும். ஆனால் கண்வலி வைத்தவர்களுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. அந்தப் பூ தலைகீழாகத் தொங்கும், சூல்தண்டு ஒரு பக்கமாக மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தம் தானாகப் போய் அதில் சேராது. காலை வெயில் ஏறுவதற்குள் ஆட்கள் போய் ஒவ்வொரு பூவாகப் பிடித்து, மகரந்தத்தைத் தொட்டு, அந்தத் தண்டின் நுனியில் தடவிவிட வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காத ஊர் என்பதால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுப்பது வழக்கம். அப்படித்தான் நான் சென்னியப்பன் தோட்டத்துக்குப் பூ தடவப் போனேன். ஒரு வரிசையில் நான், அடுத்த வரிசையில் அவர், ஏழெட்டு வருசமாக. தோட்டத்தில் இருக்கிற பூவுக்கெல்லாம் எங்கள் கையால் கல்யாணம் செய்து வைத்தோம். எங்களுக்குக் கல்யாணம் நடக்கத்தான் வழி இல்லை.

காரணம், இரண்டு பேரும் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம். எங்கள் பக்கம் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், பங்காளி என்றால் அண்ணன் தங்கை, அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சுக் கிடையாது. சென்னியப்பனின் தாத்தா காங்கயத்துக்கும் அந்தப்பக்கம் எங்கிருந்தோ வந்து இங்கே பூமி வாங்கியவர். அதற்கு முன்னால் என் தாத்தாவும் அவர் தாத்தாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு குடும்பத்தின் ரத்தமும் எந்தக் காலத்தில் எந்த இடத்தில் ஒன்றாக இருந்தது என்று கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் கூட்டத்தின் பேர் ஒன்று. ஊர் முன்னால் அவரை நான் 'சென்னியண்ணா' என்று கூப்பிட வேண்டும். செத்தாலும் கூப்பிட மாட்டேன் என்பதால், அவரைக் கூப்பிடாமலே அவரோடு பேசுகிற வித்தையைக் கற்றுக்கொண்டேன். "இங்க பைப்பு ஒழுகுதுங்க", "ஆருங்க மோட்டாரப் போட்டது" என்று காற்றைப் பார்த்துப் பேசிப் பேசி, துளசிமணிக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டது என்று ஊரில் பேராகிவிட்டது.

சென்னியப்பன் நல்ல மனுசர். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்க அவரை விட்டால் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அவர் வாயில் இருக்கிற அடைப்பை எடுக்கத்தான் இன்னும் ஒருத்தரும் பிறக்கவில்லை. "ஊட்ல பேசுனீங்களா?" என்றால் "பாக்கலாம் துளசி" என்பார். அந்த வருசம் அவருடைய அம்மா ராமாத்தாள், தை பிறந்தால் வெள்ளகோவில் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். 

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்னு சொன்னேன்."

எனக்கும் பாக்கலாம், அம்மாவுக்கும் பாக்கலாம். கையில் இருந்த கண்வலிப்பூவைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்தேன். தை பிறந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்த நேரத்தில்தான் மரமும் கொடியும் பூ மாற்றிப் பூத்தன.

ஊர் வந்தது. முதலில் பெண்கள் வந்தார்கள், பிறகு ஆண்கள், பிறகு ஆடு மேய்க்கப் போனவர்கள் ஆட்டோடு வந்தார்கள், பள்ளிக்கூட வேன் டிரைவர் பிள்ளைகளை இறக்கிக் காட்டி ஏற்றிக்கொண்டு போனார். பயந்தவர் யாரும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் வேலிக்கு இந்தப்பக்கம் கொஞ்ச நேரமும் அந்தப்பக்கம் கொஞ்ச நேரமும் நின்று, பெண் பார்க்க வந்தவர்கள்போல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். இது கொடி, அது மரம். இதன் இலை ஒற்றையாக நீண்டு நுனியில் சுருண்டு கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும், அதன் இலை பொடிப்பொடியாகப் பிரிந்து காற்றடித்தால் உதிரும். இதன் இலையில் நரம்பு நேர்நேராக ஓடும், அதன் இலையில் வலை பின்னியிருக்கும். இது ஆடியில் கிழங்கிலிருந்து முளைத்து, தை மாசிக்குள் காய்த்துக் காய்ந்து, மறுபடி மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை வெட்டி எறிந்தால் எறிந்த இடத்தில் முளைக்கும். இதற்கு மனுசக் கை பட்டால்தான் காய், அதற்குத் தேனீ போதும். இது ஆளைக் கொல்லும், அது பிள்ளை பெற்றவளைத் தேற்றும். இப்படிச் சொல்லிக்கொண்டே போய், இதைவிட ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு செடி பூமியில் இல்லை என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

பிறகு சண்டை வந்தது. கொடியில் காய்க்கப்போகிற முருங்கைக்காய் யாருக்கு என்று ராமாத்தாள் கேட்டாள். எங்கள் மரத்துப் பூ என்றால் எங்கள் காய் என்றார் அப்பா. வேர் எங்கள் பூமியில் இருக்கிறது என்றாள் அவள். "அப்ப மரத்துல காய்க்கற கண்வலிய நீங்களே கொண்டு போய்த் தின்னுங்க" என்று அவள் சொல்ல, அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அந்தச் சண்டைகூடப் பெரிதாகப் படவில்லை. விடிகாலையில் பூ தடவுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நானும் அவரும் பேசிக்கொள்ளக் கிடைத்த நேரம். இப்போது விடிவதற்கு முன்பே தோட்டத்தில் ஊர் வந்து நின்றது, வேலியோரம் சம்பூரணத்தக்கா டீக்கடையே போட்டுவிட்டாள். என்ன அதிசயம் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை அம்மா காரில் வந்தார். பொறுமையான அம்மா. இரண்டு செடியின் இலை, பட்டை, பூ, கிழங்கு எல்லாவற்றையும் எடுத்து, பெரிது காட்டும் கண்ணாடியில் பார்த்து, நெடுநேரம் யோசித்து, இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்றார். நடந்திருக்கிறதே அம்மா என்றதற்கு, நடந்திருக்கிறது, ஆனால் வாய்ப்பில்லை என்றார். ஊருக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று. கூட்டத்தில் முன்னால் நின்றவர் அருமைக்காரர் மாரப்பன். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சீர்களையெல்லாம் நடத்திவைக்கிறவர், யாருக்கு யார் என்ன முறை என்பதில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"ஏனுங்கம்மா, இது ரெண்டுக்கும் சொந்தம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று அவர் கேட்டார்.

"ரொம்ப தூரத்துச் சொந்தம்ங்க. கண்வலி ஒருவித்திலை, நெல்லு தென்னையெல்லாம் அந்தப் பக்கம். முருங்கை இருவித்திலை, கடுகு முட்டைக்கோசுக்குச் சொந்தம். ரெண்டும் பிரிஞ்சு பதிமூணு பதினாலு கோடி வருஷம் இருக்கும்."

"அதுக்கு முன்னாடிங்க?"

"அதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் ஒரே மூதாதையா இருந்திருக்கும்."

அருமைக்காரர் விரலை மடக்கி ஏதோ தலைமுறைக் கணக்குப் போட்டார், விரல் போதவில்லை, விட்டுவிட்டார். பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார்: "கோடி வருசத்துக்கு முன்னால பிரிஞ்சது பங்காளி ஆகாதுங்க. இது மாமன் மச்சான் வகை. இதோட பூ அதுக்கு, அதோட பூ இதுக்குன்னா என்ன அர்த்தம்? மாலை மாத்தீட்டுதுங்க. கல்யாணம் ஆகிப்போச்சு. நாமதான் சீர் செய்யாம வெச்சிருக்கறோம்."

எல்லாருக்கும் அப்படி ஒரு நிம்மதி. அதுவரைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்த ஊர், கல்யாணம் என்றதும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டது. கார்த்திகையில் முகூர்த்தம் குறித்தார்கள். கொடி பெண், மரம் மாப்பிள்ளை. எங்கள் வீடு மாப்பிள்ளை வீடு, ராமாத்தாள் வீடு பெண் வீடு. சம்பந்தி ஆகிவிட்டதால் அப்பாவும் ராமாத்தாளும் காய்ச் சண்டையை நிறுத்திவிட்டு மரியாதையாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். விருந்துச் சாம்பாரில் முருங்கைக்காய் போடலாமா கூடாதா என்று ஒரு பகல் முழுக்கப் பேச்சு நடந்தது. மாப்பிள்ளையின் வகையறாவையே அரிந்து போடுவது நன்றாக இருக்காது என்று கத்தரிக்காய்க்கு மாற்றினார்கள்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலையின் ஒரு தலைப்பைத் தான் பிடித்து மறுதலைப்பை அவனிடம் கொடுத்து அவன் பக்கத்தில் நிற்பாள். நாளைக்கு உனக்குப் பிறக்கிற பிள்ளையில் என் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். முருங்கைக்குக் கூடப்பிறந்தவள் யார் என்று கேள்வி வந்தபோது, மரத்தை வைத்த நாச்சிமுத்துவின் மகள்தானே என்று ஊர் என்னைக் கைகாட்டியது. எனக்கே கல்யாணம் இல்லை, இதில் மரத்துக்கு நாத்தனார்ச் சீர் வேறா என்று கடுப்பில் முடியாதென்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அருமைக்காரர், "பொண்ணுக்குக் கூடப்பொறந்தவனா சென்னியப்பன் நிக்கட்டும்" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அண்ணனுடைய பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவன். ஊரே கூடி, பந்தல் போட்டு, மேளம் வைத்து, அவரை எனக்கு அந்த முறையில் நிற்க வைக்கப்போகிறது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள் பங்காளியாக இருக்க முடியுமா? "செரிங்க மாமா, செஞ்சர்றேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். எவ்வளவு அடக்கமான பெண் என்று சம்பூரணத்தக்காவே நம்பிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் வேலியோரம் சென்னியப்பன் தனியாகச் சிக்கினார். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவர் இரண்டு கண்ணையும் விரித்துக் கேட்டார். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் கேக்கறபோது 'ஆமாங்க, எனக்குச் சம்மதமுங்க'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

மண்ணாங்கட்டி.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மரத்துக்கு வேட்டி சுற்றினார்கள், கொடிக்குப் பட்டுத்துணி போர்த்தினார்கள், அருமைக்காரர் மங்கல வாழ்த்தை ஒரு வரி விடாமல் சொல்லி, மரத்தையும் கொடியையும் சேர்த்து மஞ்சள் கயிறு சுற்றினார். நான் கூறைச்சேலையின் ஒரு தலைப்பை முருங்கைக் கிளையில் போட்டுவிட்டு மறுதலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தலைக்குமேல் கண்வலிப்பூ அத்தனையும் தீயாக ஆடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் செம்பில் தண்ணீர் எடுத்து, மரத்தின் வேரில் ஊற்றி, பெண்ணைக் கொடுத்தோம் என்று மூன்று தடவை சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராமாத்தாள் தேம்பித் தேம்பி அழுதாள். கொடிக்கு அவள்தான் அந்த வருசம் மண் அணைத்தவள்.

பந்தி முடிந்து, அருமைக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, எல்லாரும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே ஆரம்பித்தேன்.

"மாமா, ஒரு சந்தேகமுங்க. முருங்கை எனக்கு அண்ணன்தானுங்களே?"

"ஆமா சாமி. இணைச்சீர் செஞ்சியல்லோ."

"அப்ப அண்ணன் சம்சாரம் எனக்கு நங்கையாளுங்களா?"

"பின்னே?"

"நங்கையாளோட கூடப்பொறந்தவரு எனக்கு என்ன மொறையாகோணுங்க?"

வாழ்நாள் முழுக்க முறை சொல்லியே பழகிய வாய். மூளை வந்து சேர்வதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. "மச்சான். கட்டிக்கற மொறை" என்று சொல்லி முடித்த பிறகுதான் அருமைக்காரருக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது.

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். சம்பூரணத்தக்கா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா முகத்தில் ரத்தம் செத்துப்போயிற்று. "எழவே, என்ன பேச்சுப் பேசறா இவ" என்றாள் ராமாத்தாள். நான் சென்னியப்பனைப் பார்த்தேன். இதுதான் நேரம், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. அவர் வாயைத் திறந்தார், மூடினார், தன் கால் பெருவிரலைப் பார்த்தார். எனக்கு அந்தச் செம்பை எடுத்து அவர் தலையில் போட வேண்டும்போல இருந்தது.

பெரியவர்கள் எழுந்து கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் பேசினார்கள். திரும்பி வந்தபோது அருமைக்காரர் முகம் தெளிவாக இருந்தது.

"கல்யாணம் செல்லாதுங்க" என்றார். "நாமதான் அவசரப்பட்டுட்டோம். அந்தம்மாவே சொன்னாங்கல்ல, ஒரு காலத்துல ரெண்டும் ஒரே செடிதான்னு. அப்ப ஒரே கூட்டம். பங்காளி. இன்னைலயிருந்து முருங்கையும் கண்வலியும் அண்ணன் தங்கச்சி."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "அந்தக் கணக்குல பாத்தா நெல்லும் தென்னையும் பங்காளிங்க, கத்தரியும் கடுகும் பங்காளிங்க, உங்க ஊட்டு அத்தையும் உங்களுக்குப் பங்காளிதானுங்க மாமா! நீங்க தங்கச்சியக் கட்டிக் குடித்தனம் நடத்தறீங்க!"

"துளசி!" என்றார் அப்பா.

அருமைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "மனுசன் மொறை வேற சாமி, செடி மொறை வேற."

"செடியோட மொறைய ஒரே பொழுதுல மாத்துவீங்க, மனுசன் மொறைய மாத்த மாட்டீங்களா?"

"செடிக்கு ஆரு வந்து கேக்கப்போறா?" என்றார் அவர்.

மரத்திலிருந்து மஞ்சள் கயிற்றை அறுத்தார்கள். வேட்டியையும் பட்டுத்துணியையும் உருவிக்கொண்டு போனார்கள். முறை தெரிந்துவிட்டதால் இனி இரண்டும் வெட்கப்பட்டுக்கொண்டு அதனதன் பூவைத் திருப்பிக் கொடுத்துவிடும், காலையில் வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஊர் கலைந்தது. நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். எனக்கிருந்த ஒரே பயம், அந்த மரமும் கொடியும் ஊர்ப் பேச்சைக் கேட்டுவிடுமோ என்பதுதான். கேட்டுவிட்டால் நான் யாரைப் பார்த்துத் தைரியமாக இருப்பது?

காலையில் ஊர் வந்து பார்த்தது. மரத்தில் கண்வலிதான், கொடியில் முருங்கைதான். புது மொட்டு வேறு விட்டிருந்தது. செய்தி இன்னும் வேருக்குப் போய்ச் சேரவில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்றார்கள். அடுத்த நாளும் அப்படியே. அமாவாசை போகட்டும் என்றார்கள், அமாவாசை போயிற்று. அண்ணன் தங்கையாக இருந்தாலும் கொஞ்ச நாள் பழகிவிட்டதால் பிரிய நேரமாகும் என்று ஒருவர் காரணம் கண்டுபிடித்தார். கொடியை மரத்திலிருந்து இறக்கிக் கீழே விட்டுப் பார்த்தார்கள், அது மறுபடி இலை நுனியைச் சுருட்டிப் பிடித்து ஏறிக்கொண்டது. வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொல்ல, சீர் செய்த மரத்தை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று இன்னொருவர் சொல்ல, அதற்குள் மார்கழி பிறந்து, ஊரே குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு, தினமும் விடிகாலையில் அண்ணாந்து நின்றது. ராமாத்தாள் மட்டும் வருவதில்லை. அவள் வெள்ளகோவில் பெண்ணுக்குப் புடவை எடுக்கப் போயிருந்தாள்.

அப்படி ஒரு காலையில்தான் நான் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றேன். ஒருத்தர் தலையும் திரும்பவில்லை. கொஞ்சம் இருமினேன். திரும்பவில்லை. துளசிமணி யாரோடு நின்றாள், எதற்குச் சிரித்தாள், எந்தப் பஸ்ஸில் போனாள் என்று ஏழெட்டு வருசமாகக் கணக்கெடுத்த கண்கள் அத்தனையும் இரண்டு செடிகளின் ஒழுக்கத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தன. வேலிச் சந்தில் நுழைந்து சென்னியப்பன் தோட்டத்துக்குப் போனேன். அவர் வழக்கம்போல் குனிந்து குழாயில் ஏதோ நோண்டிக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுங்க" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார், வேலிக்கு அந்தப்பக்கம் அண்ணாந்து நிற்கிற ஊரைப் பார்த்தார். உதடு 'பா' என்று குவிந்தது.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லிப்போடாதீங்க. சொன்னீங்கன்னா இந்தப் பொறப்புல உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அவர் கையைக் கழுவினார், வேட்டியில் துடைத்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சத்தம் கேட்டால்கூட யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள், ஆனாலும் மேடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் அங்கே போய்த்தான் கிளப்பினார். தாராபுரம் போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு பிரிவு ரோட்டிலும் வண்டி மெதுவாகும்போதெல்லாம் திருப்பிவிடுவாரோ என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கோயிலில் தாலி கட்டும்போதும் பேசவில்லை. சாட்சிக்கு வந்த அவருடைய தாராபுரத்துக் கூட்டாளிகள் இரண்டு பேர் பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், இவர் ஊமை மாதிரி நின்றார். கட்டின தாலியையும் ராமாத்தாள் வந்து ஒரு அதட்டுப் போட்டால் பாக்கலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் பதிவு ஆபீசுக்குள் நுழைந்தேன்.

கூட்டமாக இருந்தது. எங்கள் முறை வந்தபோது மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் பேர், ஊர், வயசு எல்லாம் கேட்டுக்கொண்டே வந்து, தலையை நிமிர்த்தாமல், எல்லாரிடமும் கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ரெண்டு பேரும் சொந்தமா, அசலா?"

நான் வாயைத் திறந்தேன். கூட்டம், கோடி வருசம், நங்கையாள், மச்சான் எல்லாம் ஒன்றாக நாக்கு நுனிக்கு வந்து முட்டிக்கொண்டது. அத்தனை பேரிடம் அவ்வளவு வாயாடிய எனக்கு ஒரு எழுத்து வெளியே வரவில்லை. அந்தப் பெண் பேனாவை மேசையில் தட்டினாள்.

"அசலுங்க" என்றார் சென்னியப்பன்.

அப்படி ஒரு சத்தம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள். யாருக்கோ கேட்காத மாதிரி அவர் இன்னொரு தடவை சொன்னார்: "அசலுங்க. இவ என்ற சம்சாரம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைக்கா ஏழெட்டு வருசம், இதைச் சொல்லத் தெரியாமலா ஒரு முருங்கை மரத்துக்கு ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்து வைத்தோம்? அவர் கையைப் பிடித்து, தோல் சிவக்கிற மட்டும் நறுக்கென்று கிள்ளினேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கிள்ளின கையை விடாமல் பிடித்துக்கொண்டு, அந்த ஆபீஸ் முழுக்கப் பார்க்க, நான் அழுதேன்.